மரம் போன வழியே போன அளவு

கைதேர்ந்த ஆசாரி கிடைப்பதில்லை, அதனால்தான் கதவையும் ஜன்னலையும் ரெடிமேடாக வாங்க வேண்டியிருக்கிறது என்று வீடு கட்டுகிறவர்கள் சொல்வது வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பம் போன்ற ஒரு நெசவு ஊரின் பக்கமிருந்து கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் பார்த்தால், இந்தப் பேச்சில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடப்பது தெரியும். ஆசாரி போனதால் மரக்கதவு போகவில்லை. மரம் எட்டாத தூரத்துக்குப் போனது; அதன் பின்னாலேயே அளவெடுக்கும் வேலையும் வீட்டு வாசலை விட்டுப் போனது.

அளவு என்பது அன்று எவ்வளவு உள்ளூர்ச் சமாச்சாரமாக இருந்தது என்பதற்குக் குழித்தறி போட்ட வீடே சாட்சி. நெசவாளிக்குப் பாவின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். காய்ந்த காற்று மட்டும் கூடாது. பருத்தி நூல் ஈரப்பதத்தில் வலுக்கும், உலர்ந்தால் அறுபடும். எனவே தறியைப் பார்த்துத்தான் ஜன்னலுக்கு இடமும் உயரமும் அகலமும் முடிவாயின. பக்கத்து வீட்டு ஜன்னல் இந்த வீட்டுக்கு உதவாது. வாசல் நிலைக்கு வேறு கணக்கு. அளவு நல்லதா கெட்டதா என்று சொல்லும் ஆயாதிக் கணக்கைப் பார்க்கிற முறைகளில் ஒன்றில், சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுப்பார்கள். மிச்சம் ஒற்றைப்படையானால் கொடி, சிங்கம், காளை, யானை என்று நல்ல யோனி. இரட்டைப்படையானால் புகை, நாய், கழுதை. மிச்சமே இல்லாமல் போனால் காகம். வீட்டுக்காரரின் நட்சத்திரத்தோடும் பொருத்தம் பார்ப்பதுண்டு. இதை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். விளைவு ஒன்றுதான்: ஒரு தெருவில் இரண்டு நிலைகள் ஒரே அளவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று ‘கஸ்டம்’ என்று தனி விலை சொல்கிறார்களே, அது அன்று சாதாரண வழக்கம்.

அந்த வழக்கம் நடந்ததற்குக் காரணம், மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருத்தணி வட்டாரம் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. நகரி மலைக்காடுகள் பக்கத்திலேயே இருந்தன. வேம்பும் பூவரசும் வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தன. இப்போது கடத்தல் செய்திகளில் மட்டும் கேள்விப்படுகிற செம்மரம்கூட 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குக் கால் நிறுத்தும் மரமாகப் புழங்கியது. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கி எல்லை போட்டதோடு, வெட்டிய மரத்தை வண்டியில் கொண்டுபோவதையும் விதிகளுக்குள் கொண்டுவந்தது. அதே காலத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து பர்மா தேக்கு வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில், அடுத்த சில ஆண்டுகளில் அரக்கோணத்திலிருந்து வடக்கே கிளைத்துத் திருத்தணியைத் தொட்டது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய கட்டை ஒரு நாள் பயணத்தில் வந்துசேரும் நிலை உண்டானது. அந்தத் தேக்கின் பின்னணி சாதாரணமானதல்ல. 1863இல் தொடங்கிய பம்பாய்–பர்மா வர்த்தகக் கழகம் கட்டைகளைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக மன்னர் தீபாவின் அரசு பெரும் அபராதம் விதிக்க, அதையே சாக்காக வைத்து 1885இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடித்தார்கள். செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் இந்த வணிகத்தின் உச்சம். சிறிய ஊர்களில் வசதியுள்ளவர் வாசலுக்கு ஒரு நிலை, இரட்டைக் கதவு, அவ்வளவுதான். மரம் எங்கிருந்து வந்தாலும் அது கட்டையாகத்தான் வந்தது. அளவும் அறுப்பும் இழைப்பும் வீட்டு வாசலிலேயே நடந்தன. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரத்து நின்றது.

இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு இணைந்தது. மொழிக்கு அது வெற்றி, மரத்துக்கு அப்படியல்ல. காடு பெரும்பாலும் ஆந்திரப் பக்கம், வீடு இந்தப் பக்கம். 1967இல் ஆந்திரம் தனக்கென ஒரு வனச் சட்டம் இயற்றிய பிறகு, மலையடிவாரத்து மரம் ஊருக்கு வர இரண்டு மாநில விதிகளைத் தாண்ட வேண்டியதாயிற்று. பிறகு அடிமேல் அடி. 1988இன் தேசிய வனக் கொள்கை மரத்துக்கு மாற்றுப் பொருள்களைத் தேடச் சொன்னது. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைத் தடைசெய்தது. அது விலகியது 2020இல்தான். கூடலூர்க் காடு வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. மரவாடிகளில் மலேசியக் கட்டைகள் நிறைந்தன. 2014இல் மியான்மரும் கட்டை ஏற்றுமதியை மூடியது. பிளஷ் கதவு, அலுமினியம், யுபிவிசி என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்ததை இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. கூலி ஏறியது, ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் உளியைத் தொடவில்லை, அதுதான் உண்மைக் காரணம் என்பார்கள். கூலி ஏறியது உண்மை. ஆனால் எந்தக் கதவு முதலில் தொழிற்சாலைக்குப் போனது என்று பாருங்கள். கைத்திறன்தான் பற்றாக்குறை என்றால் அதிகத் திறன் கேட்கும் வேலை முதலில் ஒழிந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. கஜலட்சுமி செதுக்கிய தலைவாசல் கதவு இன்றும் ஆசாரியிடமே போகிறது. எந்த ஆசாரியும் சுலபமாகச் செய்யக்கூடிய படுக்கையறைக் கதவும் குளியலறைக் கதவும்தான் கடைக்குப் போயின. ஒரு வீட்டுக்கு ஒரு வாசலுக்கு மட்டுமே நல்ல தேக்கு கட்டுப்படியாகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. காரைக்குடிக் கடைகளில் இடித்த வீடுகளின் பழைய கதவுகளுக்கு இருக்கும் கிராக்கியும் இதையே காட்டுகிறது. அவற்றை வாங்குகிறவர் வேலைப்பாட்டுக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. இனிக் கிடைக்காத மரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

கரையானுக்குப் பயந்துதான் மரத்தை விட்டோம் என்பது அடுத்த வாதம். கரையான் நேற்று முளைத்ததல்ல. வைரம் பாய்ந்த தேக்கும் வேங்கையும் அதை எளிதில் அண்டவிடாது. வயது முற்றாமல் வெட்டிய தோட்டத்துத் தேக்கில் வெள்ளைப் பகுதி அதிகம், அரிப்பதும் அங்கேதான். ஆக இதுவும் மரத்தின் தரத்துக்கே திரும்பி வருகிறது. 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் போன்றவை மொத்தமாகக் கட்டியதால் ஒரே அளவு தேவைப்பட்டது என்பதை மட்டும் பாதி ஒப்புக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் ‘10 டிஎஸ் 21’ என்றால் 1000 மில்லிமீட்டர் அகலமும் 2100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள திறப்புக்கான ஒற்றைக் கதவு. ஆனால் அந்தக் குறியீடு அடுக்குமாடிக்கும் அரசு அலுவலகத்துக்கும்தான் பயன்பட்டது. சொந்த மனையில் கட்டுகிற நெசவாளியோ வியாபாரியோ அதைத் தேடிப் போகவில்லை. மரம் கட்டுப்படியாகாதபோது அது அவரைத் தேடி வந்தது.

கட்டுமானத்தின் வரிசையே இதனால் தலைகீழானது. முன்பு நிலையை நிறுத்தி, மஞ்சள் பூசி மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் இட்டு, அதன் பிறகே சுவரை அதோடு சேர்த்து எழுப்பினார்கள். நிலை ஒரு விரற்கடை பெரிதானால் கொத்தனார் சுவரில் சரிசெய்துகொள்வார். யுபிவிசி ஜன்னலுக்கோ முதலில் சுவர், பிறகு பூச்சு, பிறகே அளவு. கம்பெனி ஆள் டேப்போடு வந்து மூலைக்கு மூலை பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். சட்டம் வேறெங்கோ வெட்டி ஒட்டப்பட்டு வருகிறது. பூச்சு அரை அங்குலம் கோணினால் சட்டம் உட்காராது, மரத்தைப் போல இழைத்துப் பொருத்தவும் வழியில்லை. அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதில் கொத்தனாருக்கும் கம்பெனிக்கும் நடுவே வீட்டுக்காரர் நிற்கிறார். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆசாரி திண்ணையில் உட்கார்ந்து இழைத்த காலத்தில் அப்படி ஒரு தாளுக்குத் தேவை இருக்கவில்லை, அளந்தவரும் செய்தவரும் பொருத்தியவரும் ஒரே ஆள் என்பதால்.