கவர்னர் எடுத்து வச்ச பேக்கப்

அடிலெய்டிலிருந்து மூணரை மணி நேரம் கார் ஓட்டி, யார்க் தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் இன்னஸ் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டோம். இருட்டும் நேரம். அடுப்பில் உப்புமா. தங்கமணி மெதுவா, "ஏங்க, அது பெருச்சாளியா?"ன்னாங்க. டார்ச் அடிச்சா, புதர் ஓரத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு கங்காரு, அசராம புல் மேய்ஞ்சுக்கிட்டு இருக்கு. குட்டின்னு நினைச்சேன். இல்ல, முழுசா வளர்ந்த டாமர் வாலபி.

இதைப் பார்க்க முடிஞ்சதே பெரிய விஷயம். ஒரு காலத்துல இதோட முன்னோர் இந்தப் பக்கமெல்லாம் திரிஞ்சவங்கதான். புதர்க்காட்டை அழிச்சு வயலாக்கினாங்க. வேட்டை விளையாட்டுக்குன்னு வெள்ளைக்காரங்க இங்கிலாந்திலிருந்து நரியை வேற இறக்கினாங்க. 20ம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தென் ஆஸ்திரேலியப் பெருநிலத்துல இந்த இனம் சுத்தமா போயிடுச்சு. கங்காரு தீவுல இருக்கறது கொஞ்சம் வேற வகை.

அப்போ என் முன்னாடி நின்னது?

இங்கேதான் சர் ஜார்ஜ் கிரே வர்றார். 1841லிருந்து 1845 வரை தென் ஆஸ்திரேலியா கவர்னர், பிறகு நியூசிலாந்து கவர்னர். 1862ல ஆக்லாந்து பக்கம் கவாவ் தீவை விலைக்கு வாங்கினார். மனுஷனுக்கு மிருகப் பைத்தியம். வரிக்குதிரை, மயில்னு ஊர்ப்பட்டதைக் கொண்டு வந்து விட்டார். 1870 வாக்குல வாலபிகளும் வந்து சேர்ந்தது. நரி இல்லாத தீவு, கேக்கணுமா? பெருகி, முளைக்கிற கன்னையெல்லாம் மேய்ஞ்சு தீர்த்துடுச்சு. நியூசிலாந்துக்காரங்களுக்கு அது தொல்லை. சுட்டாங்க, விஷம் வச்சாங்க.

1990கள் கடைசியில டிஎன்ஏவைப் பார்த்தா, அழிஞ்சுபோச்சுன்னு எழுதி மூடின அதே பெருநில இனம்! எங்க தொழில் பாஷையில சொன்னா, மெயின் சர்வர் எரிஞ்சு பல வருஷம் கழிச்சு, டெலீட் பண்ணப் போன போல்டர்ல பேக்கப் கிடைச்ச கதை. (கிரேவைத் திட்டறதா கும்பிடறதான்னு இன்னும் பிடிபடல.)

85 வாலபிகளைப் பிடிச்சு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாங்க. தனியா அடைச்சு வச்சு நோய் நொடி பார்த்து, பெருக வச்சு, 2004லிருந்து கொஞ்சம் கொஞ்சமா இன்னஸ்ல திறந்து விட்டாங்க. நரிகளுக்கு விஷத்தீனி வைக்கிற வேலையை இன்னிக்கும் விட முடியல. விட்டா பழைய கதைதான்.

உப்புமா வாசத்துக்கு ரெண்டு தாவு தாவிக் கிட்ட வந்துச்சு. கொடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு, கொடுக்கல. தங்கமணிக்குத்தான் வருத்தம் :-)