அன்று மாலை எங்கிருந்தீர்கள்?

தாம் பிறந்த நாளைச் சரியாகச் சொல்லத் தெரியாத முதியவர்கள் நம் ஊர்களில் இன்றும் சிலர் உண்டு. பெரிய புயலுக்கு அடுத்த ஆண்டு என்றோ, கோவில் கோபுரம் எழும்பிய ஆண்டு என்றோ குத்துமதிப்பாகக் கூறுவர். அவர்களிடமே, மகாத்மா காந்தி சுடப்பட்ட செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நின்ற இடம், உடனிருந்தவர், கையில் வைத்திருந்த பொருள் வரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவர். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்த ஒரு மாலை அவர்கள் நெஞ்சில் மங்காமல் நிற்கிறது.

இத்தகைய நினைவுகளை நாம் பெரும்பாலும் திண்ணைப் பேச்சாகக் கேட்டு, தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். அவற்றையும் வரலாற்றின் சான்றுகளாக எடுத்துக்கொள்ள இயலுமா, இயலுமெனில் அவை நமக்கு எதைத் தெரிவிக்கின்றன என்று இங்குச் சற்றே ஆராய்வோம்.

முதலில், ஐயத்துக்கு இடமின்றி நாம் அறிந்தவற்றை நினைவுகூர்வோம். 1948 சனவரி 30 வெள்ளிக்கிழமை. புதுதில்லி பிர்லா மாளிகையில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு நடைபெறும் இறைவேண்டல் கூட்டம் அன்று தாமதமாயிற்று. சர்தார் வல்லபபாய் பட்டேலுடன் காந்தியடிகள் நடத்திய உரையாடல் நீண்டுவிட்டதே அதற்குக் காரணம். மனு, ஆபா என்னும் இரு பெண்களின் தோள்களில் கைவைத்தவாறு அவர் புல்வெளி வழியே விரைந்து வந்தபோது, நாதுராம் கோட்சே எதிரே வந்து மூன்று முறை சுட்டான். அப்போது மணி 5.17. பத்து நாள்களுக்கு முன், சனவரி 20 அன்று, அதே இடத்தில் குண்டு வெடித்து ஒரு கொலை முயற்சி தோல்வியுற்றிருந்தது. அதற்கும் சில நாள்களுக்கு முன்னரே, சனவரி 13 முதல் 18 வரை, தில்லியில் இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் இணங்கி வாழவேண்டும் என்பதற்காக அவர் உண்ணாநோன்பு இருந்திருந்தார்.

தில்லியில் நிகழ்ந்தது தமிழகச் சிற்றூருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டில், சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்தன. நாடு முழுவதற்கும் வானொலிப் பெட்டிகள் மூன்று இலட்சத்தைக்கூட எட்டவில்லை. எனவே மாலை 6 மணிச் செய்தியைத் தாமே காதால் கேட்டவர்கள் மிகச் சிலர். நகராட்சிப் பூங்காவில் ஒலிபெருக்கியின்கீழ் அமர்ந்திருந்தவர்கள் கேட்டனர். வசதி படைத்தோர் இல்லங்களில் கேட்டனர். மற்றவர்களுக்கு அச்செய்தி ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு, பேருந்து வழியாகவும் மறுநாள் செய்தித்தாள் வழியாகவும் சென்றது. ஊருக்கு ஊர் அது சென்றடைந்த நேரம் வேறு. அதனால்தான் இருவர் தம் நினைவைச் சொல்லும்போது, ஒருவர் வெள்ளி இரவு என்பார். மற்றவர் சனி நண்பகல் என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

அந்நாளின் நினைவுகளுள் பலரும் அறிந்த ஒன்று இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களுடையது. மீராவின் 'ஹரி தும் ஹரோ' என்னும் பாடலை அவர் குரலில் கேட்க 1947-இல் காந்தியடிகள் விரும்பினார். அவ்வண்ணமே பாடிப் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பினார்கள். 1948 சனவரி 30 அன்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் செவியில் முதலில் அக்கொடிய செய்தி விழுந்தது. அடுத்து அவருடைய குரலிலேயே அப்பாடல் ஒலித்தது. அதைத் தாங்க மாட்டாமல் அவர் மயங்கி விழுந்தார். அந்தப் பாடல் எப்போது எங்கே ஒலித்தாலும் அந்த மாலைப்பொழுதே தம் நினைவுக்கு வருவதாக அவர் பின்னாளில் கூறியதுண்டு.

புகழ்பெற்றோர் நினைவுகள் ஏட்டில் ஏறிவிடுகின்றன. எளியவர்களுடையவையோ அவர்களோடு மறைந்துவிடுகின்றன. மூத்தோர் வாய்மொழியாக நாம் கேட்டவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

ஒருவர் அப்போது பத்து வயதுச் சிறுவர். மதுரைக்கு வடக்கே உள்ள ஒரு சந்தையூர். சீமெண்ணெய் வாங்கிவர அவரை ராவுத்தர் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். போத்தலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒருவர், "காந்தியைச் சுட்டுட்டாங்களாம்" என்று கூவிக்கொண்டு ஓடினார். ராவுத்தர் எண்ணெய் அளப்பதை நிறுத்தினார். அவர் அழவில்லை. "சுட்டது யாரு? சுட்டது யாரு?" என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டார். பிறகு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடைக்கலானார். மகனைத் தேடி வந்த சிறுவனின் தந்தையார் நிலைமையைக் கண்டு, வீட்டுக்குத் திரும்பாமல், அடைத்த கடையின் திண்ணையிலேயே அமர்ந்துகொண்டார். "நான் இங்கதான் இருக்கேன் அண்ணே, நீங்க உள்ள இருங்க" என்றாராம். நெடுநேரம் கழித்து, சுட்டவன் முஸ்லிம் அல்லன் என்ற உறுதியான செய்தி வந்தது. பலகையை நீக்கிக்கொண்டு வெளியே வந்த ராவுத்தர், அதன்பின்னரே தேம்பித் தேம்பி அழுதார். "அவருக்கு மொதல்ல மூச்சு வந்துச்சு, பெறகுதான் அழுகை வந்துச்சு" என்று அந்தப் பெரியவர் நம்மிடம் சொன்னார்.

மற்றொருவர் ஒரு மூதாட்டி. அன்று கன்னியர் நடத்திய பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்தார். பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஆசிரியை அழுதவாறே உள்ளே வந்து செய்தியைச் சொன்னார் என்றும், உடனே மணியடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டனர் என்றும், போகும் வழியில் நேரு பேசியதை வானொலியில் தமிழிலேயே கேட்டதாகவும் அவர் உறுதியாகக் கூறுகிறார். சுடப்பட்டதோ மாலை 5.17 மணிக்கு. அந்நேரத்தில் பள்ளியில் பாடம் நடந்திராது. அன்றிரவு நேரு வானொலியில் ஆற்றிய உரையும் தமிழில் இல்லை. ஆசிரியை அழுதது மறுநாள் சனிக்கிழமைக் காலையாக இருக்கலாம். நேருவின் சொற்கள் பின்னாளில் பாடநூலிலோ மேடையிலோ தமிழில் கேட்டவையாக இருக்கலாம். அவை யாவும் ஒரே நாளின் நினைவாக அம்மூதாட்டியின் உள்ளத்தில் இணைந்துவிட்டன.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய குறையன்று. ஆபிரகாம் லிங்கன் 1865-இல் சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கிருந்தீர்கள் என்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எஃப். டபிள்யூ. கோல்குரோவ் என்னும் ஆய்வாளர் 179 பேரிடம் வினவினார். அவர்களுள் 127 பேர் விவரமாக விடை கூறினர். 1899-இல் வெளியான அவ்வாய்வு, அதிர்ச்சியூட்டும் நிகழ்வுகள் நினைவில் ஆழப் பதிகின்றன என்று காட்டிற்று. ஆனால் அந்த விடைகள் சரியானவைதாமா என்று சோதிக்க அவரிடம் வழியில்லை.

அவ்வழியைப் பின்னர்க் கண்டவர் உல்ரிக் நைசர். 1986 சனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏழு பேருடன் வெடித்துச் சிதறிற்று. மறுநாள் காலையிலேயே, செய்தி அறிந்த விதத்தை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு அவரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப்பின் அவர்களுள் 44 பேரிடம் மீண்டும் அதே வினாக்களைத் தொடுத்தனர். எல்லா விவரங்களையும் பிழையின்றிச் சொன்னவர்கள் மூவரே. நான்கில் ஒரு பங்கினர் சொன்னவை முற்றிலும் மாறுபட்டிருந்தன. தம் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் சிலர் தம் புதிய நினைவே சரி என்று சாதித்தனர். அவர்களுள் எவரும் பொய்யர் அல்லர். நினைவு, ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் சிறிது திருத்தி எழுதப்படுகிறது. பலமுறை சொல்லிய கதை பலமுறை திருத்தப்பட்டிருக்கும்.

அப்படியாயின் இந்நினைவுகளைத் தள்ளிவிடலாமா? தேதிக்காகவும் மணிக்காகவும் எனில் தள்ளிவிடலாம். அவற்றுக்கு ஆவணங்கள் உள்ளன. ஆனால் ஆவணங்களில் இடம்பெறாத ஒன்றை ராவுத்தர் கடைத் திண்ணை நமக்குக் காட்டுகிறது. நாடெங்கும் ஒருங்கே துயருற்றது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அதில் உண்மை உண்டு. ஆயினும் அந்த மாலையில் எல்லாராலும் ஒரே வேளையில் அழ முடிந்ததா என்பது வேறு கேள்வி. சுட்டவன் யாரென்று தெரியும்வரை அழுவதற்குத் துணிவில்லாமல் கதவடைத்து உள்ளே இருந்தவர்கள் இருந்தனர். அவர்களும் காந்தியடிகளை நேசித்தவர்களே. அவர் இறுதியாக உண்ணாநோன்பு இருந்ததே அவர்களைப் போன்றோரின் உயிர்களுக்காகத்தான்.

இந்த அச்சம் அன்று தில்லியின் உச்சியிலும் இருந்தது. தலைமை ஆளுநர் மவுண்ட்பேட்டன் பிர்லா மாளிகைக்கு விரைந்து வந்தபோது, சுட்டவன் முஸ்லிம் என்று கூட்டத்தில் ஒருவர் கூவினார். சுட்டவன் இந்துவே என்று அவர் உரத்த குரலில் மறுத்தார். உண்மையில் அப்போது அவருக்கே அது உறுதியாகத் தெரியாது என்றும், வேறாக இருப்பின் பெரும் படுகொலை நேரும் என்று அஞ்சியே அவ்வாறு சொன்னார் என்றும் அவருடனிருந்தோர் பின்னர்க் கூறினர். மாலை வானொலிச் செய்தி சுட்டவன் இந்து என்பதையும் சேர்த்தே அறிவித்தது. அந்த ஒரு சொல்லால் எத்தனை ஊர்களில் எத்தனைக் கடைப் பலகைகள் மீண்டும் திறந்தன என்பதற்குக் கணக்கில்லை.

எனினும் அதே செய்தியின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. கோட்சே சித்பவன் பிராமண வகுப்பினன் என்று தெரிந்ததும், மராட்டியப் பகுதிகளில், குறிப்பாகச் சாத்தாரா, சாங்கிலி, கோலாப்பூர் வட்டாரங்களில், அவ்வகுப்பாரின் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஒருவன் செய்த குற்றத்துக்காக, அவனை அறியாதவர்களும், இறந்தவருக்காகத் தாமே துயருற்றவர்களும் தண்டிக்கப்பட்டனர். அகிம்சையைப் போதித்தவரின் பெயரால் அது நிகழ்ந்தது. அங்கே அன்று வாழ்ந்தவரிடம் "எங்கிருந்தீர்கள்?" என்று கேட்டால், எரிந்த வீட்டின் நினைவே விடையாக வரக்கூடும். ஆக, அந்த வினாவுக்குரிய விடை, ஒருவர் எந்த ஊரில் இருந்தார் என்பதைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. எந்தக் குடியில் பிறந்திருந்தார் என்பதையும் பொறுத்தே அமைகிறது. சிறுபான்மையினராய் இந்நாட்டில் வாழும் கத்தோலிக்கராகிய நமக்கு இதனை நெடிது விளக்க வேண்டியதில்லை.

அந்நாளின் அடையாளங்கள் சில நம்மிடையே உள்ளன. 1948 பிப்ரவரியில் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அதற்குமுன் அஸ்திக் கலசம் மக்கள் வணங்குவதற்காக வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. மதுரையில், இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதிக் கறை படிந்த ஆடை காக்கப்படுகிறது. அதன்முன் வந்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். அந்த மாலையில் தம் பாட்டனார் எங்கிருந்தார் என்பதை அறிந்தோர் அவர்களுள் எத்தனைபேர்?

1948-இல் பத்து வயதினராய் இருந்தோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு எவரும் இரார். ஆகவே வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலோ பங்கிலோ அத்தகையோர் இருப்பின், இந்த வாரமே சென்று அவர்கள் அருகில் அமருங்கள். எங்கிருந்தீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். செய்தி கேட்டவுடன் எதற்கு அஞ்சினீர்கள், யாருக்காக அஞ்சினீர்கள், அன்றிரவு யார் வீட்டு வாசலில் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். மணியிலும் கிழமையிலும் அவர்கள் தவறினால் இடைமறித்துத் திருத்த வேண்டா. அவர்கள் சொல்லியவாறே எழுதிக்கொண்டு, ஆவணத்தோடு ஒப்பிடுவதைப் பிறகு செய்யலாம்.

நம் தலைமுறைக்கும் இத்தகைய நாள்கள் உண்டு. இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31, திருப்பெரும்புதூரில் குண்டு வெடித்த 1991 மே 21, ஆழிப்பேரலை நம் கரையோரங்களை வாரிச் சென்ற 2004 டிசம்பர் 26 ஆகியவற்றை நாம் மறக்கவில்லை. அன்று நாம் எங்கிருந்தோம் என்பதை நம் பிள்ளைகள் ஒருநாள் கேட்பர். நினைவு மேலும் திரிவதற்குமுன் அதை எழுதி வைப்பது நம் கடமை. எழுதும்போது, அன்று நாம் நின்ற இடத்தோடு, நமக்கு அடுத்த வீட்டார் எப்படி இருந்தனர் என்பதையும், அவர்கள் வாசலுக்கு நாம் சென்றோமா என்பதையும் சேர்த்து எழுதுவோமாக.