அசூசா வீதியின் முகவரிப் பட்டியல்

1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் திகதி அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பம் சிதைத்தது. அதே நாளில் வெளிவந்த லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையில் வேறொரு செய்தியும் இருந்தது. அசூசா வீதியிலுள்ள பாழடைந்த கட்டடமொன்றில் கறுப்பினத்தவர்களும் சில வெள்ளையர்களும் கூடி, எவருக்கும் விளங்காத மொழிகளில் கூச்சலிடுகிறார்கள் என்று அச்செய்தியாளர் எள்ளலாக எழுதியிருந்தார். செய்தியறைகளிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் அவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். ஓரிரவு பார்த்ததை மட்டும் வைத்து எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அவர் தவறவிட்ட செய்தியே பெரியது.

அக்கூட்டத்தின் தலைவர் வில்லியம் சீமோர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1870 இல் லூசியானாவில் பிறந்தவர். அந்நியபாஷையில் பேசுவதே பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்ற போதனையை ஹூஸ்டன் நகரில் சார்ள்ஸ் பார்ஹம் என்ற வெள்ளையினப் போதகரிடம் கற்றார். கற்றார் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. நிறப்பாகுபாடு கோலோச்சிய டெக்சாஸில் வெள்ளையரோடு ஒரே வகுப்பறையில் அமர முடியாமல், திறந்திருந்த கதவுக்கு வெளியே அமர்ந்தே அவர் பாடம் கேட்டார்.

அத்தகைய மனிதரின் சபையில் கதவுக்கு வெளியே என்று ஓரிடம் இருக்கவில்லை. முன்னர் கறுப்பின மெதடிஸ்த ஆலயமாகவும் பின்னர் குதிரை லாயமாகவும் இருந்த கட்டடம் அது. பீப்பாய்களின் மீது போட்ட பலகைகளே ஆசனங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மரப்பெட்டிகளே பிரசங்க பீடம். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிக்கரும் அருகருகே முழந்தாளிட்டனர். வீட்டுவேலை செய்யும் கறுப்பினப் பெண், வெள்ளையினப் போதகரின் தலைமீது கைவைத்துச் செபித்தாள். அன்றைய அமெரிக்காவில் அந்நியபாஷையைவிட இதுவே பெரிய அற்புதம் என்பது என் எண்ணம். (அந்நியபாஷை அசூசாவில் பிறந்ததன்று. 1860 இல் திருநெல்வேலிச் சீமையில் ஜோன் கிறிஸ்டியன் அருளப்பன் முன்னின்ற எழுப்புதலில் தமிழர்களே அதனை அனுபவித்திருந்தனர்.)

1906 ஒக்டோபரில் பார்ஹம் அங்கு வந்தார். இனங்கள் கலந்து நிற்பதைக் கண்டு அருவருப்புற்றார், கண்டித்தார், ஏற்றுக்கொள்ளப்படாதபோது அந்நகரிலேயே போட்டிக் கூட்டம் நடத்தினார். வரம் ஒன்றுதான், ஆனால் அதை யார் பக்கத்தில் நின்று பெறுவது என்பதிலேயே ஆசிரியரும் மாணவரும் பிரிந்தனர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் 12 ஆம், 14 ஆம் அதிகாரங்கள் வரங்களைப் பற்றியவை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அன்பைப் பற்றிய 13 ஆம் அதிகாரம். திருமண வைபவங்களில் நாம் இனிமையாக வாசிக்கும் அப்பகுதி, தமக்குள் சண்டையிட்டுக்கொண்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டதாகும்.

பார்ஹமின் எதிர்ப்பைச் சீமோர் தாங்கிக்கொண்டார். அவரை வீழ்த்தியது, பத்திரிகையாளனாகிய எனக்கு நன்கு புரிகின்ற ஓர் இழப்பு. 1906 செப்டெம்பர் முதல் சபை இலவசமாக வெளியிட்ட 'அப்போஸ்தல விசுவாசம்' என்னும் பத்திரிகை பல்லாயிரம் பிரதிகளாக வளர்ந்து கடல்கடந்தும் சென்றது. 1908 இல் சீமோர் ஜெனி மூரை மணந்தார். அதன் பின்னர், பத்திரிகைப் பொறுப்பிலிருந்த கிளாரா லம் என்ற வெள்ளையினப் பெண்மணி போர்ட்லண்ட் நகருக்குச் சென்றார். வெளியூர், வெளிநாட்டு வாசகர்களின் முகவரிப் பட்டியல்களும் அவருடன் சென்றன. அதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. வாசகர்களின் முகவரியை இழந்த ஆசிரியரின் குரல் எத்தனை தூரம் கேட்கும்?

1914 இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 'அசெம்பிளீஸ் ஒஃப் கோட்' அமைப்பு உருவானபோது அங்கு கூடிய போதகர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையர். மறுவருடம் சீமோர் தம் சபைக்கு ஒரு ஒழுங்குநூலை வெளியிட்டார். அந்நியபாஷையை மட்டுமே ஆவியின் அடையாளமாகக் கொள்வதை அதில் மறுத்தார். வெள்ளையரும் உறுப்பினராகலாம், ஆனால் தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவருக்கே உரியவை என்றும் விதித்தார். பாகுபாட்டுக்காக அன்று, சமாதானத்துக்காகவே அவ்விதி என்று விளக்கமும் தந்தார். அவ்விதியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

1922 இல் அவர் காலமானபோது சிறியதொரு கறுப்பினச் சபையே எஞ்சியிருந்தது. ஜெனி அதனைத் தொடர்ந்து நடத்தினார். 1931 இல் அக்கட்டடம் இடிக்கப்பட்டது.