வெறும் மார்புச் சிப்பாயும் பதக்க மரபும்: அமெரிக்க உள்நாட்டுப் போர் மீள்நடிப்பில் ஒரு காலவழு

1861 முதல் 1865 வரை வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் குழுக்களில், உறுப்பினர் தாம் பெற்ற பதக்கங்களை அக்காலச் சீருடையின் மேலேயே குத்திக்கொள்வது உண்டு. அந்தப் போரில் சிப்பாய்களின் மார்பு பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது என்பதால், இவ்வழக்கத்தின் வேரை வேறு காலத்தில்தான் தேட வேண்டும்.

முடியாட்சியை உதறி எழுந்த அந்நாட்டில் பதக்கம் என்பதே ஐரோப்பிய அரசவைப் பகட்டாகக் கருதப்பட்டது. வடக்கின் வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் 1861 டிசம்பரில் கடற்படைக்கும், 1862 ஜூலையில் தரைப்படைக்கும் சட்டமானது. 1862 அக்டோபரில் தெற்கும் பதக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் வார்த்துத் தர வழியில்லாமல், வீரர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவதோடு நிறுத்திக்கொண்டது. விதிவிலக்காக, 1863இல் டெக்சஸின் சபைன் பாஸில் வடக்கின் கப்பல்களைத் தடுத்த சிறு பீரங்கிப் படைக்கு, மெக்சிக வெள்ளி நாணயங்களைத் தேய்த்து எழுத்துப் பொறித்துப் பதக்கம் தந்தார்கள். இம்மரபில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

வடக்கில் பதக்கத்தின் மதிப்பு விரைவிலேயே தளர்ந்தது. கெட்டிஸ்பர்க் போர்நாட்களில், பணிக்காலம் முடிந்த 27ஆம் மெய்ன் படைப்பிரிவில் ஏறத்தாழ 300 பேர் மட்டுமே வாஷிங்டனைக் காக்கத் தங்கினார்கள். பதக்கமோ பிரிவு முழுவதற்கும், 864 பேருக்கு, அனுப்பப்பட்டது. 1917இல் மறுஆய்வுக் குழு நீக்கிய 911 பெயர்களில் இவையும் அடங்கும்.

உண்மையான திருப்பம் போருக்குப் பின்னர்தான் வந்தது. 1866இல் தோன்றிய முன்னாள் வடபடையினர் சங்கமான கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக், உறுப்பினருக்கென ஐந்துமுனை நட்சத்திரச் சின்னத்தை வகுத்துக்கொண்டது. போரில் கைப்பற்றப்பட்ட பீரங்கிகளின் உலோகத்திலேயே பின்னாளில் அதை அடித்தார்கள். அது மெடல் ஆஃப் ஹானரை நெருக்கமாக ஒத்திருந்ததால், 1904இல் அரசே தன் தரைப்படைப் பதக்கத்தின் வடிவை மாற்ற நேர்ந்தது. போரில் பங்கேற்றோருக்கான அரசுப் பதக்கமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிறுவப்பட்டது. பழைய ஒளிப்படங்களில் நாம் காணும் பதக்கம் தொங்கும் மார்புகளில் பெரும்பாலானவை முதியவர்களுடையவை. மீள்நடிப்போர் இருபது வயதுச் சிப்பாயின் உடையில் அம்முதியவர்களின் அணியைச் சேர்த்துவிடுகிறார்கள்.

இவ்வழக்கத்தின் இன்னொரு கிளை 1950இல் முளைத்தது. வடக்கு-தெற்கு ஸ்கர்மிஷ் சங்கம் அக்கால மஸ்கெட், கார்பைன், பீரங்கி கொண்டு உண்மைக் குண்டுகளால் இலக்கைச் சுடும் போட்டிகளை நடத்துகிறது. வர்ஜீனியாவின் ஃபோர்ட் ஷெனண்டோவா அதன் களம். உண்மையான ஒரு படைப்பிரிவின் பெயரையும் சீருடையையும் ஏற்று ஒவ்வொரு அணியும் இறங்குகிறது. எல்லா இலக்கையும் குறைந்த நேரத்தில் உடைத்த அணிக்குப் பதக்கம். குழல்வாய் வழியே வெடிமருந்திட்டுச் சுடும் துப்பாக்கியில் குறி தப்பாமலிருக்க நீண்ட பயிற்சி வேண்டும். ஆகவே இப்பதக்கம் உழைத்து ஈட்டியதே. போலி என்று தள்ள முடியாது.

எனினும் அது ஈட்டப்பட்டது நம் காலத்தில். 1863ஆம் ஆண்டுக் களத்தை நடிப்பவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு இறங்க வேண்டும்; குழுக்கள் இதை எழுத்து விதியாகவே ஆக்க வேண்டும்.