கரையிலேயே தங்கிய பாரம்

சித்திரை பிறந்தால் திருகோணமலைக்கு வடக்கே கடல் அடங்கும். கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து வீசுகிற அந்த ஐந்தாறு மாதங்களும் சல்லி, உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் மீன்பிடிப் படகுகளுக்குப் பக்கத்திலேயே சுழியோடிகளை ஏற்றும் படகுகளும் நிற்கும். புறாத்தீவுப் பவளப் பாறைகளைப் பார்க்கப் போகிற இந்தச் சுழியோடிகளில் பலர் ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்தவர்கள். அவர்களுடைய பொதியைப் பிரித்தால் முகக் கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்பு, மூச்சுவிடும் ரெகுலேட்டர், உடலோடு ஒட்டும் இரப்பர் உடுப்பு, சிலரிடம் மிதவை ஜக்கெட் ஆகியவை இருக்கும். காற்றுச் சிலிண்டர், இடுப்பில் கட்டும் ஈயம், காற்றடைக்கும் கொம்பிரசர், படகு, எஞ்சின், இடம் தெரிந்த படகோட்டி எல்லாம் கரையில் ஏற்கெனவே இருப்பவை. விமானக் கம்பனிகள் கிலோக் கணக்குப் பார்ப்பதால்தான் இப்படி ஆயிற்று என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அந்த விளக்கம் காலத்தைத் தலைகீழாக வைத்துப் பார்க்கிறது. பாரமானது கரையில் தங்க, ஆள் மட்டும் வந்து போவது இந்தத் தீவின் சுழியோடும் தொழிலில் விமானத்துக்கு மிக முந்திய ஏற்பாடு. நடுவில் சிறிது காலம் அது குலைந்தது. விமானம் வந்து பழைய ஏற்பாட்டையே மீண்டும் நிறுத்தியது.

பழைய சான்று மன்னார்க் கடலில் இருக்கிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்துங்கூட, குளிகாரர் வந்து கூடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் எழுதிவைத்த விவரங்கள் ஒரு படகில் பத்துக் குளிகாரர், ஐந்து கற்கள் என்று கணக்குச் சொல்கின்றன. கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து ஐவர் இறங்குவார்கள். அவர்கள் மேலே வந்து இளைப்பாறும்போது அதே கற்களோடு மற்ற ஐவர் இறங்குவார்கள். கல் ஒன்று சுமார் 15 கிலோ. தனக்கென ஒரு கல்லைச் சுமந்து கொண்டுவரும் வழக்கம் குளிகாரரிடம் இல்லை. கல்லும் கயிறும் படகோடு சேர்ந்த உடைமை. ஆள் கொண்டுவந்தது நுரையீரலையும் பழக்கத்தையும்தான். திருகோணமலைக்கும் தனியான முத்து உண்டு. தம்பலகாமம் விரிகுடாவின் சேற்றில், சன்னல் கண்ணாடி போல மெல்லிய ஓடுடைய சிப்பி விளைந்தது. 1850களின் இறுதியில் இராணுவ வைத்தியரும் இயற்கை ஆய்வாளருமான ஈ. எஃப். கெலார்ட் அதை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கைகள் எழுதினார். அதன் சிறு முத்துகள் நகைக்கு உதவாதவை. மருந்துக்கும், வசதி படைத்தவர்களின் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இந்தியாவுக்குப் போயின. ஆழம் குறைந்த அந்த நீரில் இறங்கப் பெரிய சாமானே தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாடு குலைந்தது கப்பற் காலத்தின் கடைசி ஆண்டுகளில். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் கருவியைச் செய்தார்கள். 1946இல் அது விற்பனைக்கு வந்தது. முதல் தடவையாக, சுழியோடி தன் சாமானைத் தானே வாங்கித் தானே சுமக்க வேண்டியவன் ஆனான். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1954 டிசம்பரில் 'ஹிமாலயா' என்ற பயணிகள் கப்பலில் ஒஸ்திரேலியப் பவளப் பாறைகளுக்குப் போகும் வழியில் கொழும்பில் சில மணி நேரம் இறங்கினார். 1956இல் தன் சுழியோடித் தோழர் மைக் வில்சனோடு மீண்டும் வந்து, பிறகு இலங்கையிலேயே தங்கிவிட்டார். அதே ஆண்டு திருகோணமலையின் கோணேசர் மலைக்குக் கீழே கடலடியில் பழைய கோயிலின் செதுக்கிய தூண்களையும் சிதைவுகளையும் வில்சன் கண்டார். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயில் அது. அந்த ஆண்டின் அனுபவங்கள் 1957இல் 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற கிளார்க்கின் நூலாயின. 1962இல் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' திருகோணமலைக் கடலடிக் காட்சிகளோடு, முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படமாகத் திரைக்கு வந்தது. இலங்கைச் சுழியோடி ரொட்னி ஜொங்க்ளாஸ் இல்லாமல் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. ஆனால் படங்களில் முன்னுக்கு நிற்பவர்கள் வந்தவர்கள்தான்.

இவர்களுடைய துணிச்சலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் துணிச்சலுக்கு அடியில் ஒரு கப்பலின் சரக்கறை இருந்தது என்பதை ஒருவரும் பெரிதாகச் சொல்வதில்லை. கடற்பயணத்தில் பெட்டி எத்தனை கிலோ என்பது பெரும்பாலும் ஒரு கேள்வியே அல்ல. சிலிண்டர், கமரா உறை, விளக்கு, இரும்புப் பெட்டி எல்லாம் ஒன்றாய் ஏறும், ஒன்றாய் இறங்கும். வந்தவர்களும் இரண்டு வார விடுமுறைக்கு வரவில்லை. மாதக்கணக்கில், சிலர் வாழ்நாள் முழுக்க, தங்கினார்கள். 1957 ஒக்டோபர் வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்த, பொறிகளும் பட்டறைகளும் நிறைந்த ஒரு துறைமுகப் பட்டினமும் பக்கத்தில் இருந்தது. நீண்ட காலம், மலிவான சரக்கறை, பட்டறை உள்ள துறைமுகம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூடியதால்தான் ஆளும் பாரமும் ஒன்றாய்ப் பயணப்பட முடிந்தது. இதை விதிவிலக்கு என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதையே தொடக்கமாகவும் அளவுகோலாகவும் எடுத்துக்கொண்டதால்தான் விமானம் எதையோ பறித்துவிட்டது போன்ற மனக்குறை பிறந்தது.

விமானத்தின் கணக்கு வேறு. ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவாகும் வாகனத்தில் எடைதான் முதற் சட்டம். சட்டப் புத்தகத்திலும் அப்படியே. 1929இன் வார்சோ உடன்படிக்கை, தொலைந்த பொதிக்கான இழப்பீட்டு வரம்பைக் கிலோவுக்கு 250 பிராங்க் என்று வகுத்தது. இழப்பீட்டைப் பயணியின் பேரில் கணக்கிடும் முறை 1999இன் மொன்றியல் உடன்படிக்கையோடுதான் வந்தது. விமானம் பொதுமக்களுக்கு எட்டத் தொடங்கிய காலத்தில் சாதாரண வகுப்புக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்பதே உலக வழக்கம். இப்போது சுழியோடியின் சாமானைத் தராசில் வையுங்கள். உலகெங்கும் பழக்கத்தில் உள்ள 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் காலியாகவே சுமார் 14 கிலோ. இடுப்பு ஈயத்துக்கு 6 கிலோ என்று வைத்தால் கணக்கு 20இல் முடிந்துவிடும். உடுத்த ஒரு சேர்ட்டுக்கும் இடமில்லை. இதற்கு மேல், காற்று அடைத்த சிலிண்டரை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். வெறுமையாக்கி, வால்வைக் கழற்றிக் காட்ட வேண்டும். அந்த வெறும் உருளையைச் சுமந்துவருவதில் யாருக்கு என்ன இலாபம்?

கடலலையில் சறுக்கும் பலகையின் கதை இதற்கு நேர் எதிர். கிழக்குக் கரையின் அறுகம் குடாவுக்கு வருகிறவர் கையில் உள்ள பலகை மூன்று நான்கு கிலோதான், நீளமோ ஏறத்தாழ ஆறடி. எடை மட்டும் பார்த்த காலத்தில் அது இளப்பமான பொதி. 1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கப் பயணங்களில் எண்ணிக்கையாலும் அளவாலும் பொதியைக் கணக்கிடும் முறை பரவியது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் அடங்க வேண்டும் என்றானது. அன்றிலிருந்து இறகு போன்ற பலகை தொல்லைப் பொதியாகிவிட்டது. அப்படியிருந்தும் அலைச்சறுக்கு வீரர்கள் பலகையை விடவில்லை. கட்டணம் கட்டியாவது கொண்டுவருகிறார்கள். விதி கடுமையாவதால் சாமான் கரையில் தங்கிவிடும் என்பது உண்மையானால், அறுகம் குடாவுக்குப் பலகைகள் வருவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆகவே திருகோணமலையில் சிலிண்டர் கரையில் தங்கியதற்குக் காரணம் விதிக்கு வெளியே இருக்கிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: சுழியோடும் சாமானுக்கும் கோல்ஃப் மட்டைக்கும் தனிச் சலுகை தரும் விமானக் கம்பனிகள் உண்டு, பணம் உள்ளவன் மேலதிகக் கட்டணம் கட்டிவிட்டுப் போகலாம் அல்லவா என்று. கட்டலாம். ஆனால் சிலிண்டர் தனியாக நின்று பயன் தரும் பொருளல்ல. ஒரு தடவை நிரப்பினால் சாதாரண ஆழத்தில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை மூச்சு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நாள் இறங்குகிறவருக்குப் பத்துத் தடவை காற்று நிரப்ப வேண்டும். அதற்குக் கொம்பிரசர் வேண்டும். தூக்கிச் செல்லக்கூடியது என்று விற்கப்படும் சிறிய வகையே 40 கிலோ அளவில் இருக்கும். ஒரு பொதி 32 கிலோவைத் தாண்டினால், எவ்வளவு கட்டினாலும் பயணப்பொதியாக ஏற்க மறுப்பது இன்று பொது வழக்கம். சுமை தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வந்த எல்லை அது, நியாயமானதுங்கூட. கொம்பிரசரையும் எப்படியோ கொண்டுவந்தாலும் படகு மிஞ்சும். படகை வாடகைக்குப் பிடித்தாலும், நீரோட்டம் எப்போது திரும்பும், பாறை எங்கே தொடங்கும் என்ற அறிவு மிஞ்சும். சங்கிலியின் ஒரு கண்ணி கரையில் இருந்தாக வேண்டுமானால் மற்றக் கண்ணிகளும் அங்கேயே இருப்பதுதான் மலிவு. மன்னார்க் குளிகாரர் கல்லைச் சுமக்காததற்கும் இதே காரணந்தான்: கல் படகோடு பிணைந்தது, படகு கடலோடு பிணைந்தது. அலைப்பலகைக்கு அப்படி எந்தப் பிணைப்பும் இல்லை. பலகையும் அலையும் இருந்தால் போதும். அதனால்தான் அது பறக்கிறது.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். பாரம் ஊர்விட்டு ஊர் போகாது என்று எப்படிச் சொல்லலாம்? நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் மேற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகையும் வலையையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு கிழக்குக்கு வந்து, கரையில் வாடி அடித்துத் தொழில் செய்வது பல தலைமுறைப் பழக்கம். அவர்களின் பாரம் எந்தச் சுழியோடியின் பாரத்தையும்விடப் பெரியது. உண்மை. ஆனால் அவர்கள் ஒரு பருவம் முழுவதற்கும் வருகிறார்கள். ஏற்றி இறக்கும் செலவை ஐந்தாறு மாத உழைப்பு தாங்கும். இரண்டு வார விடுமுறை தாங்காது. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. தெற்கில் ஹிக்கடுவ போன்ற இடங்களில் மாரியில் இயங்கும் சில சுழியோடு நிலையங்கள், தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் சிலிண்டர்களையும் கொம்பிரசரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் வந்துவிடுகின்றன. வாடி மீனவர் எந்த மாதத்தில் வருகிறாரோ அதே மாதம். காற்றும் கடலும் வகுத்த பாதையில்தான் இன்றைய விளையாட்டுச் சாமானும் நகர்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் பயணி ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தரைவழி வந்து அதைச் சந்திக்கிறார். திருகோணமலைக்குப் பக்கத்திலேயே, சீனக்குடாவில், பிரித்தானியர் காலத்து விமானத்தளம் இருப்பது உண்மையே. அங்கு வந்திறங்கும் சிறு செஸ்னா விமானங்கள் பொதி விஷயத்தில் பெரிய விமானங்களைவிடக் கண்டிப்பானவை.

பாரம் கரையில் தங்கினால், கரையை ஆள்பவர் கையில் அதன் விதியும் தங்கும். 1983இல் போர் தொடங்கிய பின் கிழக்குக்கு உல்லாசப் பயணிகள் வருவது ஏறத்தாழ நின்றது. கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, எஞ்சின் வலுவுக்கு வரம்பு, பாதுகாப்பு வலயம் என்று சல்லி போன்ற ஊர்கள் மீன் பிடிக்கவே அனுமதி கேட்டு நின்றன. 2004 டிசம்பர் கடற்கோள் இந்தக் கரையையும் அடித்தது. தெற்கே கிளார்க்கின் ஹிக்கடுவ சுழியோடு நிலையமும் அதில் அழிந்தது. பயணி தன் ரெகுலேட்டரோடு வேறு நாட்டுக்குப் பறந்துவிடலாம். கொம்பிரசர் வைத்திருப்பவர் எங்கே பறப்பது? புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பெருந்திரளாக ஆட்கள் வரத் தொடங்கியது 2009இல் போர் முடிந்த பிறகுதான். அப்போது ஒரு பழைய கேள்வி புது உருவில் வந்தது: மன்னாரில் கல்லும் படகும் யாருடையவையோ அவர்களுக்குச் சிப்பியில் பங்கு இருந்தது, இங்கே கொம்பிரசர் யாருடையது? கொம்பிரசருக்கும் சிலிண்டர் அடுக்குக்கும் முதல் போட்டவர் நிலையத்தின் சொந்தக்காரர் ஆகிறார். படகு மட்டும் உள்ளவர் கூலிக்கு ஓட்டுகிறார். விமானத்தின் 20 கிலோ விதி இந்தப் பிரிவை உண்டாக்கவில்லை. பயணி பாரமான எதையும் கொண்டுவர முடியாது என்ற உறுதியை மட்டும் கொடுத்து, கரையில் உள்ள முதலுக்கு வாடகை பெறும் வலுவை ஏற்றிவிட்டது.

விமானம் நேரடியாகவே சுழியோடியிடம் கேட்கும் ஒன்று உண்டு. அது எடையிலும் அளவிலும் சேராது. ஆழத்தில் சுவாசித்த நைதரசன் உடலில் கரைந்திருக்கும்போது அமுக்கம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி ஆளைக் கொல்லவும் கூடும். ஆகவே ஒரு தடவை மட்டும் இறங்கியவர் 12 மணி நேரமும், பல நாள் இறங்கியவர் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது 2002இல் துறை வல்லுநர்கள் கூடி வகுத்த அறிவுரை. புறப்படுவதற்கு முந்திய நாளைப் பயணி தண்ணீருக்கு மேலேதான் கழிக்க வேண்டும். அந்த நாளில் அவருக்குச் சிலிண்டரும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் திமிங்கிலமும் ஓங்கிலும் பார்க்கப் போகலாம். அதற்கு ஒரு படகும், கடல் தெரிந்த ஓர் ஆளும் போதும். கொம்பிரசருக்கு முதல் இல்லாத படகுக்காரர், வாடகையை யாரோடும் பங்கிடாமல் முழுவதாக எடுக்கிற நாள் அது.