வாக்கில்லாத தீவு

பட்டணத்துக்குப் பெருநோய் விடுதி வேண்டும். ஆனால் எவர் தெருவிலும் வேண்டாம்! ஐந்து வட்டாரத்தில் நான்கு கைகோத்துக்கொண்டால் சுமை ஐந்தாவதன் தலையில். அதுவும் சேர்ந்துகொண்டால்? சபையில் வாக்கே இல்லாதவன் வாசலுக்குப் போகும். பினாங்கில் அவ்வாசல் ஜெரெஜாக் தீவு.

ஜார்ஜ் டவுனில் 1857-இலேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது; வரி செலுத்தியோர்க்கே வாக்கு. 1868-இல் பெருநோய் விடுதிக்கு இத்தீவு தெரிந்தெடுக்கப்பட்டது. வாக்கெடுத்துத் தேர்ந்தனர் என்று கூறோம். ஆணையிட்டது குடியேற்ற அரசு. எந்தத் தெருவும் மனம் நோகவில்லை என்பதே நாம் கூறுவது. பின்னர் கப்பற் பயணிகளைத் தடுத்துவைக்கும் நிலையமும் அங்கேயே எழுந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோரிற் பலர், தோட்டம் காணுமுன் மிதித்த மண் அதுவே. கடல் தொற்றைத் தடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களை யார் கேட்டார்? நோயாளரைத்தான் யார் கேட்டார்?

பெருநோயாளர் சுங்கை பூலோவுக்குப் போனபின் காசநோயாளர் வந்தனர். பட்டணத்திலோ 1951-இல் மீண்டும் தேர்தல், 1957-இல் டி. எஸ். இராமநாதன் மேயரானார். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. நிறுத்தாதிருந்தால் தீவின் கதை மாறியிருக்குமோ? ஐயமே, அங்கே அடைபட்டவர்க்கு எந்த வட்டாரம்? 1969-இல் சிறை வந்தது. 1993 வரை இருந்தது.