கட்டளைச்சட்டமும் காணியும்: தேசாதிபதி ஆதர் சென்கிளெயர் பற்றிய ஒரு மறுநோக்கு

ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் ஆதர் சென்கிளெயரின் பெயர் பெரும்பாலும் ஒரு தோல்வியுடன் இணைத்தே பேசப்படுகின்றது. அத்தோல்வியைத் தனிமனிதரொருவரின் திறமையின்மையாக மட்டும் காணும் நோக்குப் போதுமானதன்று என்பதே எமது கருத்தாகும். அவர் வகித்த பதவியின் இயல்பையே நாம் முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஸ்கொத்லாந்தில் பிறந்த சென்கிளெயர் பிரித்தானியப் படையில் பணியாற்றிப் பின்னர் பென்சில்வேனியாவில் நிலவுடைமையாளராகக் குடியமர்ந்தார். சுதந்திரப் போரில் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். 1787இல் அவர் கொங்கிரசின் தலைவராயிருந்தபோதே வடமேற்கு ஆள்புலக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. 1788இல் அவ்வாள்புலத்தின் முதல் தேசாதிபதியாக மரியெற்றாவை வந்தடைந்தார்.

அக்கட்டளைச்சட்டம் இருமுகம் கொண்டது. அடிமைமுறையை அது தடைசெய்தது; சுதேச மக்களின் நிலம் அவர்களது சம்மதமின்றிப் பறிக்கப்படலாகாது என்றும் விதித்தது. ஆயினும், போர்க்கடனிலே மூழ்கியிருந்த கொங்கிரஸ் அதே நிலத்தை விற்றே வருவாய் தேட முனைந்தது. தேசாதிபதியாவதற்கு 1,000 ஏக்கரும் வாக்களிப்பதற்கு 50 ஏக்கரும் உடைமையாயிருத்தல் வேண்டும் என்ற விதி, அவ்வாட்சி எவ்வர்க்கத்தின் நலனுக்குரியது என்பதைப் புலப்படுத்துகின்றது. அடிமைத்தடை முன்னரே அடிமைகளாயிருந்தோரை விடுவிக்காது எனச் சென்கிளெயர் பொருள்கொண்டமையும் ஈண்டு நோக்கற்பாலது.

1789இல் ஹார்மர் கோட்டையில் அவர் செய்த உடன்படிக்கைகள், முன்னைய நிலக்கையளிப்புக்களையே மீளவும் உறுதிசெய்தன. மயாமி, ஷோனி மக்கள் அவற்றை ஏற்கவில்லை. சம்மதம் கிடைக்காதவிடத்துப் படை அனுப்பப்பட்டது. 1791 நவம்பர் 4ஆம் நாள், வபாஷ் ஆற்றின் தலைப்பகுதியில், ‘சிறிய ஆமை’ எனப்பட்ட மயாமித் தலைவரும் ஷோனித் தலைவர் ‘நீலச்சட்டை’யும் வழிநடத்திய கூட்டணி அப்படையைச் சிதறடித்தது. படையினருள் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1792இல் கொங்கிரஸ் நடத்திய விசாரணை, பயிற்சியின்மையையும் வழங்கற் சீர்கேடுகளையும் காரணங்களாகக் கண்டது, தேசாதிபதியைக் குற்றஞ்சாட்டவில்லை. போரின் நியாயமோ அவ்விசாரணைக்குரிய பொருளாகவில்லை. 1794இல் சுதேசக் கூட்டணி முறியடிக்கப்பட்டது; 1795ஆம் ஆண்டின் கிரீன்வில் உடன்படிக்கை இன்றைய ஒகையோவின் பெரும்பகுதியைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது.

எனினும், அக்குடியேறிகளே அவருக்கு எதிரிகளாயினர். சட்டசபையின் தீர்மானங்களை நிராகரிக்கும் முழுஅதிகாரம் தேசாதிபதியிடமிருந்தது; அதனை அவர் தாராளமாகவே பயன்படுத்தினார். எல்லைப்புற மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதிபெறவில்லை என்ற பெடரலிஸ்ற் மனப்பாங்கு அவரிடம் வேரூன்றியிருந்தது. ஒகையோ மாநிலமாவதை எதிர்த்து அவர் ஆற்றிய உரையை அடுத்து, 1802இல் ஜனாதிபதி ஜெபர்சன் அவரைப் பதவிநீக்கினார். 1803இல் ஒகையோ மாநிலமாயிற்று. 1818இல் சென்கிளெயர் வறுமையுற்று இறந்தார்.

அவரை வீழ்த்திய குடியேறிகள் தமக்கெனக் கோரிய தன்னாட்சியைச் சுதேச மக்களுக்கு உரியதாகக் கருதவில்லை. தேசாதிபதிக்கும் குடியேறிகளுக்குமிடையே முரண்பாடு இருந்தது உண்மையே. ஆனால், நிலம் யாருடையது என்ற வினாவில் இருசாராரும் ஒருமித்தே நின்றனர். சட்டத்தில் எழுதப்பட்ட சம்மதம், அதனை மறுக்கும் உரிமை மதிக்கப்படாதவிடத்து வெறுஞ் சொல்லாகவே எஞ்சும். சென்கிளெயரின் வாழ்க்கை எமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.